பர்சன் என்றால் முகமூடி, புள்ளி என்றால்?

போன இதழில் ஒருவருக்குப் பதில் எழுதும்போது, பேச்சோடு பேச்சாக, "பர்சன் என்ற இங்கிலீஷ் சொல்லுக்கு மூலத்தில் முகமூடி என்றுதான் அர்த்தம்" என்று ஒரு வரி போட்டுவிட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு காரைக்குடியைச் சுற்றியே இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. சரி, இந்த முறை முழுக்க அதுதான். பெருங்காயம் கட்டி நல்லதா பொடி நல்லதா என்று கேட்டவர் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளவும்.

கேள்வி: "பெர்" என்றால் வழியாக, "சொனாரே" என்றால் ஒலிப்பது, முகமூடி வழியாக நடிகனின் குரல் ஒலிப்பதால் முகமூடிக்குப் பெர்சோனா என்று பெயர், அதிலிருந்து பர்சன் வந்தது என்று எங்கள் கல்லூரியில் சொல்லித் தந்தார்கள். சரிதானா?
(மாணவி, காரைக்குடி)

முகமூடி சரி. குரல் கதைதான் இடிக்கிறது. கதை ஒன்றும் நேற்று முளைத்ததில்லை. காவியஸ் பாஸஸ் என்ற ரோமானியர் சொன்னதாக கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ஆலஸ் கெல்லியஸ் எழுதிவைத்திருக்கிறார், எழுதிவிட்டு என்ன நயமான விளக்கம் என்று மெச்சவும் செய்கிறார். சிக்கல் குறில் நெடிலில் இருக்கிறது. பெர்சோனாவில் வருவது நெடில் "சோ", சொனாரேயில் வருவது குறில் "சொ". லத்தீனிலும் நம்மைப் போலவே குறில் வேறு, நெடில் வேறு. பல்லிலிருந்துதான் பால் என்ற சொல் வந்தது என்று ஒருவர் சொன்னால் ஒத்துக்கொள்வீர்களா?

இப்போது சொல்லாராய்ச்சிக்காரர்கள் பலரும் கைகாட்டுவது, ரோமானியர் தலையெடுப்பதற்கு முன்பே இத்தாலியில் வாழ்ந்த எத்ருஸ்கர்களை. டார்க்வினியா என்ற ஊரில் கி.மு. 6ஆம் நூற்றாண்டுக் கல்லறை ஒன்று இருக்கிறது. அதன் சுவரில் முகமூடி போட்ட ஒருத்தன், கயிற்றில் கட்டிய நாயை, தலையைத் துணியால் மூடிய இன்னொருத்தன் மேல் ஏவிக்கொண்டிருக்கிறான். முகமூடிக்காரன் பக்கத்தில் "ஃபெர்சு" என்று எழுதியிருக்கிறது. அது ஆளின் பெயரா, வேஷத்தின் பெயரா, முகமூடியின் பெயரா என்று இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். ஆனாலும் ஃபெர்சுவிலிருந்து பெர்சோனா என்பது குரல் கதையைவிட நம்பும்படி இருக்கிறது.

முகமூடி அப்புறம் வேஷம் ஆயிற்று, வேஷத்திலிருந்து கோர்ட்டில் வாதி, பிரதிவாதி என்று நிற்கிற ஆள் ஆயிற்று, கி.பி. 200 வாக்கில் தெர்த்துல்லியன் என்ற கிறிஸ்தவ அறிஞர் பிதா, சுதன், பரிசுத்த ஆவி மூவரையும் பெர்சோனா என்று எழுதினார், பிரெஞ்சு வழியாக இங்கிலீஷுக்குள் வந்து சேர்ந்தபோது ஏறத்தாழ 1200. இங்கிலீஷில் ஊர்ப் பாதிரியாரை "பார்சன்" என்பார்கள், அதுவும் இதே சொல்தான், உச்சரிப்பு மட்டும் பிரிந்து போய்விட்டது.

எனக்குப் பிடித்த சங்கதி இனிமேல்தான். கிரேக்க இலக்கணக்காரர்கள் பேச்சையே நாடகமாகப் பார்த்தார்கள்: பேசுகிறவன், கேட்கிறவன், பேசப்படுகிறவன் என்று மூன்று வேஷம். அந்த வேஷத்துக்கு அவர்கள் வைத்திருந்த சொல் "ப்ரோசோபோன்". முகம், முகமூடி இரண்டுக்கும் அது ஒன்றே. லத்தீனில் அது பெர்சோனா ஆக, நீங்கள் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த ஃபர்ஸ்ட் பர்சன், செகண்ட் பர்சன், தேர்டு பர்சன் அப்படி வந்ததுதான். நம் இலக்கணத்தில் அதற்கு என்ன பெயர்? மூவிடம். தன்மை, முன்னிலை, படர்க்கை. ஆள் பேச்சே இல்லை, யார் எந்த இடத்தில் இருக்கிறார் என்பதுதான் கணக்கு. நம் வீட்டுக் கணக்கில் சொல்வதென்றால், பட்டாலையில் உட்கார்ந்து பேசுகிறவர் தன்மை, எதிரே நிற்கிறவர் முன்னிலை, இரண்டாங்கட்டில் இருந்துகொண்டு தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பவர் படர்க்கை. அவரே எழுந்து வந்து "என்ன சொன்னீங்க?" என்று கேட்டால் தன்மை ஆகிவிடுவார். ஆள் மாறவில்லை, இடம் மாறிவிட்டது.

உங்கள் ஆசிரியரிடம் இதையெல்லாம் சண்டையாகச் சொல்ல வேண்டாம். குறில் நெடிலை மட்டும் மெல்லக் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: வயது 29, சென்னையில் நல்ல வேலை, சொந்த ஃபிளாட். ஊருக்கு வந்தால் எங்கள் ஐயா (தாத்தா) "நீ இன்னும் புள்ளியே ஆகலை, பேசாம இரு" என்கிறார். நான் ஒரு இன்டிவிஜுவல் இல்லையா?
(வாசகர், தேவகோட்டை)

வெளியூர் வாசகர்களுக்காக முதலில் ஒன்று. செட்டிநாட்டில் பல சமூகத்தாரும் இருக்கிறார்கள், இந்தப் புள்ளிக் கணக்கு நகரத்தாருடையது. ஒன்பது நகரக் கோயில்களில் ஏதோ ஒன்றைச் சேர்ந்தவராக ஒவ்வொரு குடும்பமும் இருக்கும். கல்யாணத்துக்குக் கோயிலில் இருந்து மாலை வரும். கல்யாணம் முடிந்து கோயில் கணக்கில் ஏறினால்தான் ஒரு புள்ளி. புள்ளிக்கு இவ்வளவு என்று வரி. கல்யாணம் ஆகாதவர் எத்தனை லட்சம் சம்பாதித்தாலும் அந்தக் கணக்கில் இல்லை. ஆக உங்கள் ஐயா திட்டவில்லை, கணக்கு சொல்கிறார். (கொஞ்சம் திட்டவும் செய்கிறார்.)

இப்போது உங்கள் இன்டிவிஜுவலுக்கு வருவோம். இந்தச் சொல்லுக்கு மூல அர்த்தம் தனி ஆள் இல்லை. "பிரிக்க முடியாதது" என்பதுதான். கிரேக்கர்கள் "அதோமோஸ்" என்றார்களே, வெட்ட முடியாதது, நம் அணு, அதை லத்தீனில் சொல்ல சிசரோ எடுத்துக்கொண்ட சொல் "இன்டிவிடுவும்". அணுவும் நீங்களும் ஒரே சொல்லில் பிறந்தவர்கள். இங்கிலீஷிலும் ரொம்ப காலத்துக்கு அப்படித்தான் இருந்தது: மூன்றாக இருந்தும் பிரிக்க முடியாத திரியேகக் கடவுளைச் சொல்ல அதைப் பயன்படுத்தினார்கள்.

இனி வருவதை உங்கள் ஐயாவிடம் காட்டிவிடாதீர்கள். 1667இல் வந்த மில்டனின் காவியத்தில் ஆதாம் ஏவாளைப் பார்த்து, இனி நீ என் பக்கத்திலேயே இருக்க வேண்டிய "இன்டிவிஜுவல்" ஆறுதல் என்கிறான். தனியாள் என்ற அர்த்தத்தை அங்கே போட்டுப் பாருங்கள், வரி விளங்காது. பிரிக்க முடியாத துணை என்றுதான் சொல்கிறான். அதாவது 350 வருஷத்துக்கு முன்பு, இங்கிலீஷிலேயே, புருஷன் பெண்டாட்டியைப் பிரிக்க முடியாத ஒன்றாகச் சொல்ல இந்தச் சொல் உதவியது. நம் கோயில் கணக்கிலும் தம்பதிதான் ஒரு புள்ளி. அப்படியானால் மில்டன் கணக்கிலும் நீங்கள் இன்னும் இன்டிவிஜுவல் ஆகவில்லை!

மற்றவரிலிருந்து பிரிந்து நிற்கிற தனி ஆள் என்ற இன்றைய அர்த்தம் 17ஆம் நூற்றாண்டில்தான் மெதுவாகத் தலைகாட்டுகிறது. பிரிக்க முடியாதது என்று ஆரம்பித்து, பிரிந்து நிற்பது என்று போய் முடிந்திருக்கிறது. கல்யாணம் ஆன கையோடு ஒரே வீட்டுக்குள் தனி அடுப்பு வைத்துக் கொடுத்து "வேறு வைக்கிற" நம் வழக்கத்தில் இரண்டு அர்த்தமும் சேர்ந்தே இருப்பதாக எனக்குப் படும். ஒரே வளவு, ஒரே கூரை, அரிசி மட்டும் தனித்தனி.

கேள்வி: எங்கள் மருமகளுக்கு ஈகோ அதிகம். ஈகோவுக்கு நல்ல தமிழ்ச் சொல் என்ன?
(வாசகி, பள்ளத்தூர்)

"நான்." அவ்வளவுதான். லத்தீனில் ஈகோ என்றால் நான். ஃபிராய்டு ஜெர்மனில் எழுதும்போது குழந்தைக்கும் புரியும்படி "இஷ்" என்றுதான், அதாவது நான் என்றுதான் எழுதினார். இங்கிலீஷில் பெயர்த்தவர்கள் அதை லத்தீன் ஆக்கி டாக்டர் வாசனை ஏற்றிவிட்டார்கள். தமிழில் நாம் அதைத் தலைக்கனம் என்ற பொருளில் வைத்துக்கொண்டோம். மருமகளுக்கு "நான்" அதிகம் என்று சொல்லிப் பாருங்கள், மாமியாருக்கு எவ்வளவு என்ற கேள்வி தானாக வரும்.

கேள்வி: ஐடென்டிட்டி என்பதற்கு அடையாளம் என்றே எல்லோரும் எழுதுகிறோம். எனக்கு ஏனோ பொருந்தவில்லை.
(ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கோட்டையூர்)

எனக்கும் பொருந்தவில்லை, ஐயா. அடையாளம் என்பது மற்றவர் கண்ணுக்குத் தெரிகிற குறி. மாட்டுக்குச் சூடு, வண்ணார் துணிக்குப் போடுகிற குறி, காணாமல் போனவர் இடது கன்னத்தில் மச்சம். ஐடென்டிட்டியின் வேர் அங்கே இல்லை. லத்தீனில் "இடெம்" என்றால் அதே. அதிலிருந்து "இடென்டிடாஸ்", அதேயாக இருப்பது. 16ஆம் நூற்றாண்டில் இங்கிலீஷுக்கு வந்தபோதும் அதுதான் அர்த்தம்: நேற்று பார்த்ததும் இன்று பார்ப்பதும் அதுவேதானா?

இந்தக் கேள்வியை மனிதன் மேல் போட்டுப் பார்த்தவர் இங்கிலாந்துத் தத்துவக்காரர் ஜான் லாக். மனித அறிவைப் பற்றிய தன் நூலின் இரண்டாம் பதிப்பில், 1694இல், இதற்கென்றே ஓர் அத்தியாயம் சேர்த்தார். ஓர் இளவரசனின் ஆன்மா, அவன் நினைவுகளோடு, செருப்புத் தைப்பவர் உடம்புக்குள் புகுந்துவிட்டால் எழுந்து நிற்பது யார்? ஊர்க்காரர்கள் உடம்பைப் பார்த்து அதே மனிதன்தான் என்பார்கள். ஆனால் பர்சன் என்று எடுத்தால் அவன் இளவரசன், ஏனென்றால் நினைவு தொடர்வது அவனுடையது என்றார் லாக்.

உங்களுக்கு இந்நேரம் திருமூலர் ஞாபகம் வந்திருக்கும். சாத்தனூரில் மாடு மேய்க்கிற மூலன் இறந்து கிடக்க, மாடுகள் சுற்றி நின்று கதற, கயிலையிலிருந்து வந்த யோகியார் மனம் பொறுக்காமல் அந்த உடம்புக்குள் புகுகிறார். மாடுகளுக்குச் சந்தோஷம், அவற்றுக்கு உடம்பு போதும், மோப்பம் பிடித்து நக்கிவிட்டு வீட்டுக்குக் கிளம்புகின்றன. மூலன் மனைவிக்குத்தான் போதவில்லை. கிட்டே வந்தவளிடம் உனக்கும் எனக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று விலகிவிடுகிறார். அவள் அழுதுகொண்டு போய் ஊர்ப் பெரியவர்களிடம் முறையிட, அவர்கள் வந்து பார்த்து, இவர் யோக நிலையில் இருக்கிறார், இனி உன் பக்கம் திரும்பமாட்டார் என்று சொல்லிவிடுகிறார்கள். லாக் தீர்ப்புதான், ஆனால் சேக்கிழார் பாடியது 12ஆம் நூற்றாண்டு. லாக்கில் இல்லாத ஒருத்தி இந்தக் கதையில் இருக்கிறாள். புருஷன் உடம்பு உயிரோடு கண்ணெதிரே நடமாட, அது அவர் இல்லை என்று கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியவள். ஐடென்டிட்டி பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் எனக்கு அவள்தான் நினைவுக்கு வருவாள்.

அட்டை, புரூப், ஆதாரின் 12 எண்கள், இதற்கெல்லாம் அடையாளம் என்ற சொல் கச்சிதம். "என் ஐடென்டிட்டி என்ன?" என்று ஒருவன் ராத்திரி தூங்காமல் கேட்டுக்கொள்கிறானே, அதற்கு "நான் யார்" என்று எழுதிவிட்டுப் போகலாம்.

அந்தத் தூங்காத கேள்விக்கு "ஐடென்டிட்டி கிரைசிஸ்" என்று பெயர் வைத்தவர் மனோதத்துவ அறிஞர் எரிக் எரிக்சன். 1902இல் பிறந்தவர், பெற்ற தகப்பன் யார் என்று கடைசி வரை அவருக்குத் தெரியாது. பிறந்தபோது சலோமன்சென், அம்மா மறுமணம் செய்த பின் ஹோம்பர்கர், 1939இல் அமெரிக்கக் குடிமகன் ஆனபோது தானே வைத்துக்கொண்டது எரிக்சன், அதாவது எரிக்கின் மகன். தனக்குத் தானே அப்பா! மூன்று பெயர் மாறினவர் இந்தக் கேள்வியில் விழுந்ததில் ஆச்சரியம் இல்லை. நம் பக்கம் பிள்ளை கூட்டிக்கொள்வது, அதாவது தத்தெடுப்பது, சாதாரணம், போகிற வீட்டில் வேறு பெயரும் வைப்பார்கள். சிறுகூடல்பட்டியில் முத்தையாவாகப் பிறந்து, பிள்ளை போன வீட்டில் நாராயணனாகி, கண்ணதாசன் என்று தானே ஒரு பெயர் வைத்துக்கொண்டவரை நினைத்துப் பாருங்கள். அவருக்கும் மூன்றுதான்.

கேள்வி: என் இனிஷியல் நான்கு. பாஸ்போர்ட் ஃபாரத்தில் சர்நேம் என்ற கட்டத்தில் எதைப் போடுவது?
(வாசகர், கானாடுகாத்தான்)

சர்நேம் என்றால் பிரெஞ்சில் "மேலே போட்ட பெயர்". நமக்கு மேலே போட்டது ஒன்றில்லை, நாலு தலைமுறை வரிசை. கோட்டையூரில் பிறந்து காரைக்குடியில் கல்லூரி கட்டியவர் கே.வி.ஏஎல்.ஆர்எம். அழகப்பச் செட்டியார், ஆர்எம் என்பது அப்பா ராமநாதன். இதைத்தான் விலாசம் என்பது. பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் கடைப் பலகையில் இந்த எழுத்து வரிசையைப் பார்த்தே யார் வீட்டுக் கடை என்று சொல்லிவிடுவார்கள். பேரனுக்கு ஐயா பெயரை வைப்பதால் எழுத்துகள் ஒன்று விட்டு ஒன்று திரும்பத் திரும்ப வரும். பேரன் என்ற சொல்லே பெயரன், பெயரைத் தாங்குகிறவன். எத்தனை ஆள் வந்தார்கள் என்று கேட்கக்கூட நாம் "எத்தனை பேர்?" என்றுதானே கேட்கிறோம்.

இந்த அழகெல்லாம் ஃபாரத்தில் செல்லாது. நான் சர்நேம் கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டேன். வெளிநாட்டில் ஒரு கிளினிக்கில் காத்திருந்தபோது நர்ஸ் வந்து எங்கள் அப்பச்சி பெயரை மூன்று தடவை கூப்பிட்டார், அவர் காலமாகி ஆறு வருஷம், எழுந்திருக்கவா வேண்டாமா என்று ஒரு நிமிஷம் திகைத்துப் போனேன். கட்டத்தைக் காலியாக விட்டாலும் வம்பு: 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயரோடு வருகிற விசிட் விசாக்காரர்களை அனுமதிப்பதில்லை என்று சொல்ல, பலர் அல்லாடினார்கள். அப்பா பெயரையே போடுங்கள், பள்ளிச் சான்றிதழ், ஆதார், பான் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி விரித்து எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: செல்ஃப் என்பதற்குச் சமமான தமிழ் என்ன? ஆன்மாவா, சுயமா?
(வாசகி, புதுவயல்)

தான். பழைய இங்கிலீஷில் செல்ஃப் பெரும்பாலும் அழுத்தம் கொடுக்க வந்த சொல்: அரசனே, அவனே என்பது போல. "எனக்குள் இருக்கும் செல்ஃப்" என்று தத்துவம் பேசுகிற பெயர்ச்சொல் எல்லாம் பின்னால் வந்தது. நம் "தான்" அச்சு அசலாக அதே இரண்டு வேலையைச் செய்கிறது. "தான் செய்ததை ஒப்புக்கொண்டான்" என்பதில் தன்னையே சுட்டுகிறது, "நான்தான் செய்தேன்" என்பதில் அழுத்துகிறது. ஒட்டே உறவே இல்லாத இரண்டு மொழிகள் ஒரே தந்திரத்தைக் கண்டுபிடித்திருப்பதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம். செல்ஃபிக்குக்கூடத் தாமி, தம்படம் என்று இரண்டு சொல் அதிலிருந்தே செய்தார்கள். செட்டிநாட்டு வீட்டு முகப்பில் நின்று அதை எடுக்கிற கூட்டத்தில் ஒருவரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை.

கேள்வி: சாமி சட்டப்படி ஒரு பர்சன் என்கிறார்களே, நிஜமா?
(வாசகர், கண்டனூர்)

நிஜம். வெள்ளைக்காரன் காலத்தில் நமக்குக் கடைசி அப்பீல் கோர்ட்டாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் 1925இல் ஒரு வழக்கில் வழிபாட்டில் உள்ள மூர்த்தி சட்டப்படி ஓர் ஆள், அதற்கென்று நலன் உண்டு என்று தெளிவாகவே சொல்லியிருக்கிறது. திருட்டுப்போன பத்தூர் நடராஜருக்காகக் கோயிலே லண்டனில் வழக்காடி, சிலை 1991இல் திரும்பி வந்தது. அப்படிப் பார்த்தால் பிள்ளையார்பட்டிப் பிள்ளையார் சட்டப்படி பர்சன், ஆனால் கல்யாணம் ஆகாததால் புள்ளி இல்லை. தேவகோட்டைக்காரருக்கு நல்ல துணை.

கேள்வி: முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய பித்தளைத் தூக்கு ஒன்று வாங்கினேன். மூடியிலும் வயிற்றிலும் யாரோ பெயர் வெட்டியிருக்கிறது. பாலிஷ் போட்டு அழித்துவிடலாமா?
(வாசகி, காரைக்குடி)

அழிக்காதீர்கள். அப்பத்தா காலத்து அடுக்கு ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. அதன் விளிம்பில் மூன்று எழுத்து, பக்கத்தில் ஒரு பெண் பெயரின் பாதி. மீதிப் பாதி தேய்ந்துவிட்டது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் தெரியும், எழுத்தைக் கோடாக வெட்டவில்லை, உளியால் பொட்டுப் பொட்டாக அடித்திருக்கிறார்கள். எல்லாம் புள்ளிதான். சீர் கொடுத்த அன்றைக்கு இருபது முப்பது வீட்டுச் சாமான் கலந்து போகாமல் இருக்க வெட்டியது. நாடகத்தில் ஆளுக்கு நாம் சொல்கிற பெயரும் பாத்திரம்தான் என்று அதைத் துலக்கும்போதெல்லாம் தோன்றும்.

உங்கள் தூக்கில் விலாசம் முழுதாக இருந்தால் வீட்டில் பெரியவர் யாரிடமாவது வாசித்துக் காட்டுங்கள். எந்த ஊர், எந்தத் தெரு, வீடு இப்போது பூட்டிக் கிடக்கிறதா என்பது வரை சொல்லிவிடுவார்கள். புளி போட்டுத் தேய்த்தால் போதும், பாலிஷ்காரரிடம் கொடுத்தால் எழுத்தும் சேர்ந்து போய்விடும். உங்கள் பெயரை வெட்ட வேண்டுமென்றால் அடிப்பக்கம் இடம் இருக்கிறதா பாருங்கள்.